ஜப்பானியக் காரா, ஐரோப்பியக் காரா: நம்பகத்தையும் ஓட்டும் செலவையும் ஒப்பிடும் முறை

2005ஆம் ஆண்டில் செக் குடியரசின் கொலின் நகரிலுள்ள ஒரே தொழிற்சாலையிலிருந்து டொயோட்டா ஐகோ, பியூஜோ 107, சிட்ரோயன் சி1 என்ற மூன்று சிறிய கார்கள் வெளிவரத் தொடங்கின. முகப்பு, விளக்குகள் போன்ற வெளித்தோற்றத்தில் மட்டுமே பெரிதும் வேறுபட்ட இந்த மூன்றிலும் டொயோட்டா குழுமத்தின் அதே மூன்று சிலிண்டர் 1.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்தான் இருந்தது. 2019இல் மீண்டும் வந்த டொயோட்டா சுப்ராவின் கதை இதற்கு நேரெதிர்: அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் பிஎம்டபிள்யூ தயாரிப்பு, கார் உருவானது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில். ஆகவே எந்த நாட்டுப் பெயர்ப்பலகை என்று பார்ப்பதற்கு முன், எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த ஆண்டு ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒப்பீடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஜப்பானியக் கார் அதிகம் பழுதாகாது என்ற பொதுப்பேச்சுக்கு அடிப்படை இல்லாமலில்லை. ஜப்பானிய நிறுவனங்கள் ஒரு எஞ்சினை உருவாக்கினால் அதைச் சிறுசிறு திருத்தங்களுடன் பல ஆண்டுகள் பயன்படுத்துகின்றன. புதிய தொழில்நுட்பத்தைச் சற்றுத் தாமதமாகவே ஏற்கின்றன. ஐரோப்பாவிலோ கார்பன் உமிழ்வு விதிகளும் வரிகளும், சிறிய எஞ்சினில் டர்போவை, அதாவது கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவியைப் பொருத்தி அதிக ஆற்றலைப் பிழிந்தெடுக்கும் திசைக்கு உற்பத்தியாளர்களைத் தள்ளின. சிறிய எஞ்சின், அதிக அழுத்தம், அதிக வெப்பம் என்று வரும்போது பிழை பொறுக்கும் இடைவெளி குறைகிறது. எண்ணெய் மாற்றுவது சில மாதங்கள் தள்ளிப்போனாலும் அந்த எஞ்சின் அதை மன்னிப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். பழைய முறையில் பெட்ரோல், உள்வாங்கும் வால்வுக்கு முன்பாகவே தெளிக்கப்படுவதால் வால்வின் பின்புறம் தானாகக் கழுவப்படுகிறது. நேரடித் தெளிப்பு முறையிலோ பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பாய்வதால் வால்வின் பின்புறத்தில் எண்ணெய்ப் புகை படிந்து, நாளடைவில் கரி அப்பிக்கொள்கிறது. அதை நீக்க அக்ரூட் ஓட்டுத் துகள்களைக் காற்றழுத்தத்தால் பாய்ச்சும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. டொயோட்டா தன் சில எஞ்சின்களில் இரண்டு வகைத் தெளிப்பான்களையும் சேர்த்தே பொருத்தி இந்தச் சிக்கலைத் தணித்தது. எனவே கார் விவரக்குறிப்பில் 'நேரடித் தெளிப்பு' என்று கண்டால், எந்த நாட்டுக் காராயினும், இந்தச் சுத்திகரிப்புச் செலவைக் கணக்கில் ஓர் ஓரமாகக் குறித்துவைக்க வேண்டும்.

அடுத்ததாக, தேர்ந்தெடுத்த எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பெயர்போன கோளாறு உண்டா என்று தேட வேண்டும். பியூஜோ, சிட்ரோயன் கார்களில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் எஞ்சினின் முந்தைய வடிவத்தில், வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடியே ஓடுகிறது. பெல்ட் சிதைந்து உதிரும் துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடுகின்றன. 2024இல் இவ்விரு பிராண்டுகளின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் இதற்கான உத்தரவாதத்தை 10 ஆண்டுகள் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை நீட்டித்தது. பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில், பெல்ட்டுக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கமாக, எஞ்சினின் பின்புறத்தில் இருக்கிறது. செயினின் விலை பெரிதல்ல. அதை எட்டுவதற்கு ஆகும் வேலைக்கூலிதான் பெரிது. ஜப்பானியக் கார்களும் இதற்கு விலக்கல்ல. நிசான் கார்களின் பெல்ட் வகை சிவிடி (படிநிலைக் கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ந்து மாற்றும் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் தந்த தொல்லையால், அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களுக்கு அந்நிறுவனம் உத்தரவாதத்தை 10 ஆண்டுகள் அல்லது 1,20,000 மைல் என்று நீட்டிக்க நேர்ந்தது.

சிவிடி என்ற பெயரைக் கேட்டதும் டொயோட்டா ஹைப்ரிட்டையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுவது பலர் செய்யும் தவறு. 1997இல் பிரியஸுடன் வந்த அமைப்பில் வழுக்கும் பெல்ட்டே கிடையாது. கோள்பற்சக்கரத் தொகுதி ஒன்றும் இரண்டு மின்மோட்டார்களும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. இல்லாத பாகம் பழுதாவதில்லை. வேகம் குறையும்போது மோட்டாரே ஆற்றலை மீட்டெடுப்பதால் பிரேக் பேடுகளும் நெடுநாள் உழைக்கின்றன. நகர நெரிசலில் ஓட்டுபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த அமைப்பைத்தான்.

நம்பகத்தன்மை குறித்த புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது ஒவ்வொன்றும் எதை எண்ணுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, வழியில் நின்றுபோன கார்களை எண்ணுகிறது. அதில் ஆண்டுதோறும் முதலிடம் பெறும் காரணம் 12 வோல்ட் பேட்டரிதான். டொயோட்டா சி-எச்ஆர் அந்தப் பட்டியலில் பின்தங்கியதற்கும் அந்தச் சிறிய பேட்டரியே பெருங்காரணம். எஞ்சினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜெர்மனியின் வாகனச் சோதனை அமைப்பான டியூவியின் அறிக்கை கட்டாயச் சோதனையில் கண்ட குறைகளை எண்ணுகிறது. அங்கே மூன்று ஆண்டுகளில் நெடுந்தொலைவு ஓடிய நிறுவன டீசல் காரும், வார இறுதியில் மட்டும் வெளியே வந்த சிறிய காரும் ஒரே வரிசையில் நிற்கின்றன, ஆகவே அருகில் தரப்படும் சராசரிக் கிலோமீட்டரையும் சேர்த்தே படிக்க வேண்டும். அமெரிக்காவின் ஜே.டி. பவர் ஆய்வு, மூன்று ஆண்டு ஓட்டிய உரிமையாளர்கள் சொல்லும் குறைகளை நூறு கார்களுக்கு இத்தனை என்று கணக்கிடுகிறது. கைபேசி திரையுடன் இணையவில்லை என்பதும் அங்கே ஒரு குறைதான். கியர்பாக்ஸ் போனதையும் புளூடூத் போனதையும் ஒரே தட்டில் வைக்கும் எண்ணைக் கொண்டு முடிவெடுப்பது சரியாகாது.

இனி செலவு. கார் வாங்கும் விலையிலிருந்து, விற்கும்போது கிடைக்கக்கூடிய விலையைக் கழித்து, அதனுடன் எரிபொருள், சர்வீஸ், பழுது, டயர், காப்பீடு, வரி ஆகியவற்றைக் கூட்டி, ஓட்டப்போகும் மொத்தக் கிலோமீட்டரால் வகுத்தால் வரும் எண்ணே உண்மையான ஒப்பீட்டு எண். புதிய காராக இருந்தால் இந்தக் கூட்டலில் பெரும்பாலும் மிகப் பெரிய பங்கு மதிப்புத் தேய்மானத்துக்குத்தான் போகிறது. அதைப் பார்க்காமல் மைலேஜைப் பற்றி மட்டும் விவாதிப்பவர்களே அதிகம். எரிபொருளுக்கான கணக்கு எளிது. 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் குடிக்கும் காரையும் 6.5 லிட்டர் குடிக்கும் காரையும் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால், முன்னதற்கு 750 லிட்டரும் பின்னதற்கு 975 லிட்டரும் ஆகும். ஐந்து ஆண்டுகளில் வேறுபாடு 1,125 லிட்டர். அந்த லிட்டர்களின் விலை ஒரே ஒரு பெரிய பழுதில் கரைந்துபோகுமா என்று பிறகு பார்க்கலாம்.

பழுதுச் செலவை ஊகிக்காமல் விலை கேட்டுவிடுவதே நல்லது. முன் பிரேக் டிஸ்க்கும் பேடும், வாட்டர் பம்ப், முன் சஸ்பென்ஷன் ஆர்ம், ஒரு ஹெட்லைட், கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றம் ஆகிய ஐந்துக்கும் இரு கார்களுக்குமான விலையை நிறுவனச் சர்வீஸ் மையத்திலும் வெளிப்பட்டறையிலும் தனித்தனியே கேட்க வேண்டும். பல ஐரோப்பியக் கார்களுக்கு பாஷ், மாலே, சாக்ஸ் போன்ற மூலத் தயாரிப்பாளர்களின் பாகங்கள் நிறுவனப் பெட்டியில்லாமல் வெளிச்சந்தையில் கிடைப்பதால் விலை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதுண்டு. ஆனால் வேலை கூடுதல்: பிஎம்டபிள்யூவில் பேட்டரியை மாற்றினால்கூட அதை மின்னணு முறையில் காரிடம் பதிவுசெய்ய வேண்டும். ஒப்பிடும் கார்கள் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். டொயோட்டா கொரோலாவை பிஎம்டபிள்யூவின் சொகுசுக் காரான 5 சீரிஸுடன் ஒப்பிட்டுவிட்டு ஐரோப்பியக் கார் செலவு வைக்கும் என்று சொல்வது நியாயமல்ல. கொரோலாவுக்கு எதிரே ஸ்கோடா ஆக்டேவியாவையும், 5 சீரிஸுக்கு எதிரே டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸ் காரையும் நிறுத்த வேண்டும்.

சர்வீஸ் இடைவெளியைப் பொறுத்தவரை, சில ஐரோப்பியக் கார்களில் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டுகள் வரை எண்ணெய் மாற்றத் தேவையில்லை என்பது முதல் உரிமையாளருக்கு இனிப்பான செய்தி. காரைப் பத்தாண்டுகள் வைத்திருக்க நினைப்பவர் அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அந்தக் கூடுதல் எண்ணெய்ச் செலவையும் கணக்கில் சேர்ப்பதே என் கருத்து. ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம் எனக் கார் நிறுவனங்கள் சொல்லிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை, அதைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது.

டீசல் ஐரோப்பியக் காரைப் பரிசீலிப்பவர் தம் பயண வழக்கத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். புகைவடிகட்டியில் சேரும் கரி, வேகச் சாலையில் தொடர்ந்து ஓடும் வெப்பத்தில்தான் எரிந்து தீரும். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துபவரின் காரில் அது அடைத்துக்கொள்ளும். நெடுந்தொலைவு ஓட்டுபவருக்கு, உத்தரவாதம் இருக்கும் காலம் வரை, நல்ல ஐரோப்பிய டீசல் இன்றும் வலுவான தேர்வுதான்.

பழைய கார் என்றால், காலையில் எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் வருவதற்குள் விற்பவர் அதைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நொடிகளில் சலசலவென்ற உலோக ஒலி கேட்டால் டைமிங் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சந்தேகிக்க வேண்டும். பியூர்டெக் எஞ்சினாக இருந்தால், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் உள்ளே பெல்ட் கண்ணுக்குத் தெரியும். அதன் மேற்பரப்பில் வெடிப்பு இருக்கிறதா, ஓரம் பிசிறியிருக்கிறதா என்று கைவிளக்கால் பார்க்கலாம். ஊறிப்போன பெல்ட் அகலத்தில் வீங்கும் என்பதால், அந்தத் துவாரம் வழியாகவே பெல்ட்டின் அகலத்துக்கென உள்ள கவைபோன்ற அளவுகோலை நுழைத்து அகலத்தைச் சோதிக்க மெக்கானிக்கைக் கேட்க வேண்டும். அளவுகோல் பெல்ட்டின் மேல் உட்காரவில்லையென்றால், பெல்ட் மாற்றும் செலவையும் எண்ணெய் வலையைக் கழற்றிச் சுத்தம்செய்யும் செலவையும் விலையில் கழித்துப் பேசிய பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.