வன்னியில் ஊர்த்தோட்டம் போட விரும்புவோருக்கு: முதலில் தண்ணீர்க் கணக்கு

சனசமூக நிலையத்துக்குப் பின்னால் வெறுங்காணி கிடக்கிறது, சேர்ந்து செய்ய ஏழெட்டுக் குடும்பமும் இருக்கிறது என்றால் ஊர்த்தோட்டம் ஒன்று தொடங்கப் போதும். 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று தேவைப்பட்டது இன்றும் தேவைதான். ஐப்பசி மழையோடு யாரும் பயிர் வைக்கலாம். தை பிறந்து மழை விட்ட பிறகு அதைக் காப்பாற்றுவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அதனால் இந்த விளக்கத்தில் தண்ணீருக்கும் ஆள்முறைக்கும்தான் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதற்படி: காணி

காணி யாருடையது என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். எத்தனை வருடத்துக்குப் பயிர் செய்யலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் தொடங்கினால் கிணற்றடி திருத்தி, மண்ணைப் பண்படுத்திய பிறகு காணியை விட்டுக்கொடுக்க நேரலாம்.

இன்னொன்று கட்டாயம். அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள். அகற்றிய காணியாக இருந்தாலும், மண்வெட்டியில் இரும்பு தட்டுப்பட்டால் அதோடு நிறுத்துங்கள். கையால் எடுக்க வேண்டாம், பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். குப்பை கூட்டி எரிப்பதையும் தவிருங்கள். மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடிக்கக்கூடும்.

இரண்டாம் படி: தண்ணீர்

குளத்து வாய்க்காலை நம்பித் திட்டம் போடாதீர்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எதுவானாலும் அந்தத் தண்ணீர் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வயலுக்கென்று தீர்மானமாகிற தண்ணீர். உங்களுக்குக் கிணறுதான் வேண்டும். அதுவும் ஆவணி, புரட்டாசியில் வற்றாத கிணறு. கடற்கரைப் பக்கம் என்றால் கோடையில் ஒருமுறை தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உவர்த்தால் மிளகாயும் போஞ்சியும் சரிவராது.

கணக்கு இதுதான். ஒரு சதுர மீற்றர் மண்ணில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் நின்றால் அது ஒரு லீற்றர். வெயில் காலத்தில் எங்கள் பக்கம் நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மில்லிமீற்றர் வரை மண்ணிலும் இலையிலும் இருந்து ஆவியாகிப் போகும். 3 அடி அகலம், 10 அடி நீளமான பாத்தி ஏறக்குறைய 3 சதுர மீற்றர். அதற்கு நாளுக்கு 15 முதல் 18 லீற்றர், அதாவது பெரிய வாளியால் இரண்டு வாளி. பத்துப் பாத்திக்கு 20 வாளி. கிணற்றில் இருந்து தோட்டத்துக்கு நடந்து பார்த்து, தினமும் 20 வாளி யார் சுமப்பது என்று யோசித்த பிறகே பாத்தி எண்ணிக்கையைத் தீர்மானியுங்கள். முதல் வருடம் பத்துக்கு மேல் வேண்டாம்.

மூன்றாம் படி: வேலி

கட்டாக்காலி மாடு ஓரிரவில் எல்லாவற்றையும் முடித்துவிடும். பூவரசு அல்லது சீமைக்கிளுவைக் கதியாலை, அதாவது நட்டால் தளிர்க்கும் தடியை, மழை தொடங்கும்போது நெருக்கமாக நட்டு, இடையில் முட்கம்பி இழுங்கள். கதியால் தளிர்த்தால் வேலியே பசளைக்குக் குழை தரும்.

நான்காம் படி: மண்

புரட்டாசியில் பாத்தியை ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தி, பூவரசங்குழையோ காவிளாயோ பரப்பி மண்ணால் மூடுங்கள். எங்கள் பெரியவர்கள் குழை தாழ்ப்பது என்று சொல்வது இதைத்தான். இரண்டு மூன்று கிழமையில் அது உக்கிவிடும். மேலே மக்கிய மாட்டெரு போட்டு, பாத்தியை அரை அடி உயர்த்துங்கள். கார்த்திகை அடைமழையில் வேர் அழுகாமல் காப்பது அந்த அரை அடிதான். மழை விட்டதும் வைக்கோலோ சருகோ கொண்டு மண்ணை மூடிவிட்டால் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறையும்.

ஐந்தாம் படி: பயிர்

புதியவர்களுக்கு வெண்டி, பயிற்றை, கத்தரி, கீரை போதும். வெண்டியை நேரே ஊன்றலாம். ஒன்றரை மாதம் கடக்கக் காய் பிடுங்கத் தொடங்கலாம். கத்தரியில் திருநெல்வேலி ஊதா நல்ல இனம். நாற்றுமேடையில் நான்கு, ஐந்து கிழமை வளர்த்துப் பிடுங்கி, 3 அடிக்கு 2 அடி இடைவெளியில் மாலை நேரம் நடுங்கள். வேலியோரம் முருங்கையும் அகத்தியும் வையுங்கள். விதைக்கும் ஆலோசனைக்கும் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

ஆறாம் படி: முறை

ஏழு நாளுக்கும் ஒவ்வொரு குடும்பம் பொறுப்பு. கிணற்றடியில் ஒரு கொப்பி கட்டி விடுங்கள். தண்ணீர் விட்டவர் பெயரும், பிடுங்கிய காயின் நிறையும் அதில் வர வேண்டும். பங்கு பிரிப்பதும் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான்.

பெரும்பாலான ஊர்களில் முறை குழம்புவது மாசியில். அப்போதுதான் அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை. எல்லோரும் வயலில். மழையும் நின்றிருக்கும், மரக்கறியும் காய்த்துக் குலுங்கும் நேரம் அது. வயலுக்குப் போகாத இரண்டு பேரை மார்கழியிலேயே பேசி வையுங்கள். ஊரில் அம்மம்மாக்கள் பலருக்கு இதில் விருப்பம் உண்டு. வாளி சுமக்க ஒரு பெடியனைச் சேர்த்துவிட்டு, அவர்கள் இருவருக்கும் அந்த மாதம் இரட்டைப் பங்கு கொடுங்கள்.

பூச்சிக்கு

இரண்டு நாளுக்கு ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரம் பச்சைப் பேன் (அசுவினி) ஒட்டியிருந்தால் விரலிலே பிசுபிசுப்புத் தெரியும், எறும்பும் ஏறும். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். கிழமைக்கு ஒருமுறை போதும்.

விதைக்கு நல்ல செடியில் இரண்டு கத்தரிக்காயைத் தொடக்கத்திலேயே நூல் கட்டி விடுங்கள், யாரும் பிடுங்காமல் இருக்க. மஞ்சளாகப் பழுத்த பின் விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து, இனமும் மாதமும் எழுதி ஒட்டுங்கள்.