வாடகைதாரர் இருக்கும் வீட்டை விற்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வாடகைக்கு விட்ட வீட்டை அவசரமாக விற்க நினைப்பவர்கள் முதலில் தரகரிடம் போகிறார்கள், பிறகு விளம்பரம் கொடுக்கிறார்கள். வீட்டில் குடியிருப்பவரிடம் பேசுவது கடைசியில்தான். அதற்குள் அக்கம்பக்கத்தார் வாயிலாக அவருக்குச் செய்தி போயிருக்கும், மனமும் கசந்திருக்கும். பார்க்க வருபவர்களுக்குக் கதவைத் திறப்பவர் அவர். ‘மழைக்கு ஒழுகுமா?’ என்று கேட்டால் பதில் சொல்பவரும் அவர்தான். விற்பனை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது பாதிக்கு மேல் அவர் கையில் இருக்கிறது.

அவரிடம் பேசுவதற்கு முன்பு வாடகை ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். காலம் எப்போது முடிகிறது, எத்தனை மாத அறிவிப்பு தர வேண்டும், விற்பனை பற்றி ஏதேனும் நிபந்தனை உண்டா என்று பாருங்கள். பல நாடுகளின் சட்டப்படி, வீடு கைமாறினாலும் நடப்பில் உள்ள ஒப்பந்தம் முடிந்துவிடாது. வாங்குபவர் அதே நிபந்தனைகளோடு புதிய உரிமையாளர் ஆகிறார், அவ்வளவுதான்.

இது தெரியாமல் ‘இரண்டு மாதத்தில் காலி செய்து தருகிறேன்’ என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுப்பதுதான், என் கணிப்பில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. குடியிருப்பவர் நகர மறுத்தால் வாக்குத் தவறியவர் நீங்கள்தான். வாங்கிய முன்தொகையைத் திருப்பித் தர வேண்டி வரலாம், நஷ்டஈடும் கேட்பார்கள். காலி வீடாகத்தான் விற்க வேண்டும் என்றால், ஒப்பந்தக் காலம் முடியும்வரை பொறுத்திருக்கலாம். முடியாதென்றால், முன்னதாகப் போவதற்கு அவருக்கு ஒரு தொகை தருவதாகப் பேசி எழுத்தில் முடித்துக்கொள்ளலாம். அந்தத் தொகையைச் சாவி கைக்கு வரும் நாளில் கொடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். தண்ணீரை நிறுத்துவது, பூட்டை மாற்றுவது போன்ற குறுக்குவழிகள் பெரும்பாலான இடங்களில் சட்டவிரோதம். வழக்கில் சிக்கிய வீட்டை யாரும் அவசரமாக வாங்க மாட்டார்கள்.

அடுத்து, யாருக்கு விற்கிறோம் என்று தீர்மானிக்காமல் எல்லோருக்கும் வீட்டைக் காட்டுவது. தானே குடியேற வாங்குபவருக்கு வாடகைதாரர் ஓர் இடைஞ்சல். வாடகை வருமானத்துக்காக வாங்குபவருக்கோ ஒழுங்காகப் பணம் கட்டும் குடித்தனம் முதல் நாளிலிருந்தே லாபம். அவசரம் என்றால் இரண்டாமவரைத் தேடுங்கள். ஒப்பந்தத்தின் நகல், வாடகை வரவுக் கணக்கு, பழுதுபார்த்த ரசீதுகள் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அவர் விலையைக் கணக்கிடும் முறையும் வேறு. ஆண்டு வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத வருமானம் எதிர்பார்ப்பவர் 2,000 வரை தருவார். அதே வீட்டில் வாடகை 80தான் என்றால் அவர் கணக்கு 1,600இல் நின்றுவிடும். விற்பதற்குச் சற்று முன் வாடகையைத் திடீரென்று உயர்த்திக் காட்டினாலும் பயனில்லை. வரவுக் கணக்கைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

சொல்லாமல் கொள்ளாமல் ஆட்களை அழைத்துப் போகாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு குறிப்பிட்ட நேரம் என்று பேசிவைத்து எல்லோரையும் அப்போதே வரச் சொல்லலாம். விற்பனை முடியும்வரை வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால், குடியிருப்பவரும் ஒத்துழைப்பார், வீடும் பார்க்கும்படியாக இருக்கும். அந்த வீட்டை அவரே வாங்குவாரா என்று கேட்கக்கூடப் பலருக்குத் தோன்றுவதில்லை. கேட்டுப் பாருங்கள்.

வாடகைதாரர் தந்த முன்பணத்தை மறந்துவிட்டுக் கிரயத்துக்குப் போவதும் அடிக்கடி நடக்கிறது. அது ஒருநாள் அவருக்குத் திருப்பித் தர வேண்டிய பணம். அதை வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது விலையில் கழிக்க வேண்டும். கையோடு, வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, பாக்கி உண்டா, வாய்மொழியாக ஏதேனும் ஒப்புக்கொண்டீர்களா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாடகைதாரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ‘பழைய உரிமையாளர் சமையலறையைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்’ என்ற பேச்சு கிரயத்தன்று கிளம்பினால் அன்றைய வேலை கெட்டுவிடும்.

மாத நடுவில் கிரயம் ஆனால் அந்த மாத வாடகையை நாள் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். விற்பனை லாபத்துக்கான வரியைக் கணக்காளரிடம் முன்பே கேட்டு வையுங்கள். பத்திரம் முடிந்ததும், எந்தத் தேதியிலிருந்து யாருக்கு வாடகை செலுத்த வேண்டும் என்று வாடகைதாரருக்கு இருவரும் கையெழுத்திட்ட கடிதம் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாத வாடகையும் உங்கள் கணக்குக்கே வரும், அதைக் கேட்டு புதிய உரிமையாளரின் தொலைபேசி அழைப்பும் வரும்.