பெங்களூரில் மாணவர் விசாவை நீட்டிப்பது எப்படி: முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

அல்சூரில் எங்கள் வீட்டு மாடியை இலங்கை, மலேசியா பக்கமிருந்து படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தான் பல வருடமாக வாடகைக்கு விடுகிறோம். விசா முடியப் போகிறது என்றதும் அநேகமாக எல்லோரும் முதலில் லேப்டாப்பைத் திறந்து விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் ஒரு சாயங்கால வேலைதான். அதனுடன் ஏற்ற வேண்டிய முக்கியமான தாள்கள் உங்கள் கையில் இல்லை, வீட்டு ஓனரிடமும் கல்லூரி ஆபீஸிலும் இருக்கின்றன, அதை வாங்குவதற்குள்தான் நாள் ஓடிவிடும்.

இது மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு. வேலை விசாவுக்கும் விண்ணப்பிக்கும் அரசுத் தளம் ஒன்றுதான், கல்லூரிக்குப் பதில் கம்பெனி தாள் கொடுக்கும். சுற்றுலா விசாவை அவசரக் காரணம் இல்லாமல் பொதுவாக நீட்டிக்க மாட்டார்கள். ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை, உள்ளவர்களுக்கு இந்த வேலையே கிடையாது.

முதலில் விசாவைப் படியுங்கள்

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் முடியும் தேதி இருக்கும். முன்பே ஒருமுறை நீட்டித்திருந்தால் அப்போது வந்த பிடிஎஃப்பில் உள்ள தேதிதான் கணக்கு, ஸ்டிக்கரில் இருப்பது பழசு. அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தாள் சேர்க்க ஆரம்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டே சீக்கிரம் காலாவதியாகப் போகிறதென்றால் முதலில் அதைப் புதுப்பிக்க வழி பாருங்கள்.

ஓனரிடம் வாங்க வேண்டியது

இங்கேதான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை எஃப்ஆர்ஆர்ஓவுக்கு, அதாவது வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகத்துக்கு, தங்க இடம் கொடுத்தவர் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் ஃபார்ம் சி என்கிறார்கள். ஹோட்டல்காரர்களுக்கு இது பழகிய வேலை. சின்ன பிஜி விடுதி நடத்துபவர்களும் வீட்டுக்காரர்களும் பல பேர் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், கேட்டால் போலீஸ் வருமோ என்று பயப்படுவார்கள்.

வீட்டுக்காரனாகச் சொல்கிறேன், இது ஓனர் உங்களுக்குச் செய்யும் தயவு இல்லை, அவருடைய சட்டக் கடமை. 1946ஆம் வருடத்து வெளிநாட்டினர் சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு, வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, அதிலும் இந்தக் கடமை அப்படியே தொடர்கிறது. இதைச் சண்டை போடும் தொனியில் சொல்லாமல், 'அங்கிள், தகவல் கொடுக்காமல் இருந்தால்தான் உங்களுக்குப் பிரச்சினை' என்று பக்கத்தில் உட்கார்ந்து எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் அவர் கணக்கை நீங்களே திறந்து கொடுத்துவிடுங்கள். முதல்முறை பதிவு செய்ய அவருடைய விவரமும் வீட்டு முகவரியும் போதும், பிறகு உங்கள் பாஸ்போர்ட், விசா விவரம், போட்டோ. முடிந்ததும் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

கூடவே வாடகை ஒப்பந்தம். பெங்களூரில் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள், அதனால் விசா முடியும் நேரத்தில் ஒப்பந்தமும் முடிந்து கிடக்கும், புதுசு போட்டுக்கொள்ளுங்கள். மூன்று பேர் சேர்ந்திருக்கும் வீட்டில் ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருந்தால் அது உங்கள் முகவரிக்கு ஆதாரம் ஆகாது, உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கல்லூரியில் வாங்க வேண்டியது

போனஃபைட் சான்றிதழ், அதாவது நீங்கள் அங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தரும் தாள். என்ன படிப்பு, எந்த வருடம், எப்போது முடியும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வருகைப் பதிவு மோசமாக இருந்தால் கல்லூரியே கொடுக்க யோசிக்கும், அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. உங்கள் சேர்க்கை விவரத்தைக் கல்லூரி தன் பக்கத்திலிருந்து தெரிவித்திருக்கிறதா, எஸ் படிவம் என்பார்கள், என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெயர். நம் ஆட்களுக்கே உரிய தலைவலி இது. இலங்கை பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக முன்னால் நிற்கும், மலேசியாக்காரர்களுக்கு நடுவில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) வரும், கல்லூரிப் பதிவேட்டிலோ இனிஷியலோடு எஸ். கார்த்திக் என்று முடித்திருப்பார்கள். மூன்று தாளில் மூன்று பெயர் இருந்தால் சரிபார்ப்பவர் என்ன செய்வார், திருப்பி அனுப்புவார். பாஸ்போர்ட் நகலைக் கையோடு கொண்டுபோய், அதில் இருக்கிற மாதிரியே எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத்துக்கும் அதே கதைதான்.

இப்போது விண்ணப்பம்

இ-எஃப்ஆர்ஆர்ஓ என்பது 2018இல் வந்த அரசுத் தளம். முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே போங்கள், அரசுத் தளம் மாதிரியே தோற்றம் வைத்துக்கொண்டு காசு பிடுங்கும் இடங்கள் இருக்கின்றன. மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி, சேவைகளில் விசா நீட்டிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

விவரங்களைப் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்புங்கள். விசா கொடுத்த இடம் என்று கேட்டால், யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்ததைக் கொழும்பு என்று போடக் கூடாது. கடைசியாக இந்தியாவுக்குள் வந்த இடமும் அப்படித்தான்: யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து விமானத்தில் சென்னை வந்து அங்கிருந்து ரயிலில் பெங்களூர் வந்தவர்களுக்கு அது சென்னை, முத்திரை அங்கே குத்தியதுதானே.

ஏற்ற வேண்டியவை: வெள்ளைப் பின்னணியில் போட்டோ, பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், விசாப் பக்கம், கடைசி வருகை முத்திரை உள்ள பக்கம், எஃப்ஆர்ஆர்ஓவில் முன்பே பதிவு செய்திருந்தால் அந்தச் சான்றிதழ், மேலே சொன்ன ஓனர் தாள்களும் கல்லூரித் தாளும். கோப்பு அளவு எவ்வளவு இருக்கலாம் என்று அங்கேயே போட்டிருக்கும். போனில் அவசரமாக எடுத்த, விரல் நிழல் விழுந்த படங்களை ஏற்றாதீர்கள். முத்திரையின் தேதி தெளிவாகத் தெரிய வேண்டும். கட்டணம் எந்த நாட்டுக்காரர், எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்து மாறும், ஆன்லைனிலேயே கட்டலாம்.

அனுப்பிய பிறகு

மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள், ஸ்பேம் உட்பட. இன்னொரு தாள் வேண்டும் என்று கேள்வி வந்தால் கேட்டதை மட்டும் உடனே அனுப்புங்கள், கூடக் கதை எழுதத் தேவையில்லை. முடிவு வருவதற்கு முன் ஊருக்கு டிக்கெட் போடாமல் இருப்பது நல்லது.

பெரும்பாலும் நேரில் போக வேண்டியிருக்காது. கூப்பிட்டால் எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகம் இருப்பது சாந்திநகர் பிஎம்டிசி பஸ் ஸ்டாண்டு கட்டடம், ஏ பிளாக், 5ஆவது மாடி. ஆட்டோக்காரரிடம் டபுள் ரோடு என்றால் போதும், தமிழிலேயே சொல்லலாம். எல்லா அசல் தாள்களும் கையில் இருக்கட்டும்.

அனுமதி பிடிஎஃப்பாக மின்னஞ்சலில் வரும். பெயர் எழுத்தும் தேதியும் சரியா பார்த்து, பிரிண்ட் எடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள், ஊருக்குப் போகும்போது விமான நிலையத்தில் கேட்பார்கள். நடுவில் வீடு மாறினால் புது ஓனரிடம் ஃபார்ம் சி போடச் சொல்லிவிட்டு அதே தளத்தில் முகவரி மாற்றத்துக்கும் விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட் புதுசு வந்தால் விசாவை அதற்கு மாற்றுவதற்கென்று தனிச் சேவை அங்கேயே இருக்கிறது.