மிதக்கும் காற்றாலை எவ்வளவு ஆடும்? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரிக்கு ப்ராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகள், நான் அந்தக் காலத்தில் போட்ட அதே தப்புகளை வரிசை மாறாமல் போடுகிறார்கள். யூனிட் குழப்பம், உப்புநீர் அடர்த்தி எல்லாம் தானாகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை ஆகாது.

இரண்டு கடலை ஒன்றாக்குவது

வங்கக்கடலில் ஒரே நேரத்தில் இரண்டு அலை ஓடும். பக்கத்துக் காற்று கிளப்புவது ஒன்று. இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்களில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும் ஸ்வெல் இன்னொன்று. அலை அளக்கும் மிதவையின் தரவு கைக்கு வந்ததும் நம் ஆட்கள் அதை ஒரு உயரம், ஒரு உச்ச அலைக்காலம் (ஆற்றல் அதிகம் குவிந்த அலைகள் எத்தனை வினாடிக்கு ஒன்று வருகின்றன என்பது) என்று சுருக்கி ஜான்ஸ்வாப்பில், அதாவது அலை ஆற்றலை ஒரே உச்சத்தைச் சுற்றிப் பகிரும் சூத்திரத்தில், போட்டுவிடுகிறார்கள்.

ஒரு பையன் கொண்டுவந்த கணக்கு: காற்றலை 2 மீட்டர், 7 வினாடி. ஸ்வெல் 1 மீட்டர், 17 வினாடி. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 2.24 மீட்டர், உச்சம் 7 வினாடி. சரிதான். ஆனால் ஜான்ஸ்வாப் ஆற்றலை 7 வினாடியைச் சுற்றியே குவிக்கும், 17 வினாடியில் ஒன்றும் மிஞ்சாது. ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் இடம் மாறிவிட்டது. அவன் எடுத்திருந்த ஓசி4 செமி-சப்மெர்சிபிள் (காற்றாலையைத் தாங்கும், பாதி மூழ்கி மிதக்கும்) மேடை மேலும் கீழும் ஆடும் இயல்புக் காலமே சுமார் 17 வினாடி! அதே காலத்தில் அலை வந்தால் ஆட்டம் பெருகும். ஆழ்கடலில் 7 வினாடி அலையின் நீளம் 76 மீட்டர். 17 வினாடி அலைக்கு 450 மீட்டர், மேடையை மொத்தமாகத் தூக்கி இறக்கும். "ஆட்டமே இல்ல சார்" என்று சந்தோஷமாக கிராஃபை நீட்டினான். காற்றில்லாத நாளிலும் படகு ஏறி இறங்கும் என்று வீராம்பட்டினத்து மீனவ அண்ணன்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

ஸ்பெக்ட்ரத்தை, அதாவது எந்தக் காலத்தில் எவ்வளவு ஆற்றல் என்ற பகிர்வை, இரண்டாகப் பிரியுங்கள். அதற்கு இரண்டு உச்சம் வைக்கும் ஓச்சி-ஹபிள் சூத்திரம் 1976-லிருந்தே இருக்கிறது. திசையையும் தனித்தனியாக வையுங்கள்: ஸ்வெல் தெற்கிலிருந்து வரும், வாடைக்காலக் காற்றலை வடகிழக்கிலிருந்து வரும். உலோகச் சோர்வுக் கணக்கு முழுக்க இதில்தான் நிற்கிறது.

பெரிய அலைதான் பெரிய ஆட்டம் என்பது

இல்லை. 50 வருடத்தில் ஒருமுறை வரக்கூடிய உயரம்-காலச் சேர்க்கைகளின் எல்லைக்கோட்டை முழுக்கச் சுற்றிப் பாருங்கள். உயரம் குறைந்து காலம் நீண்ட புள்ளியிலும் மேடை அதிகம் ஆடலாம்.

ஒரே ஒரு ரேண்டம் சீடு

போதாது. ஒரு சீடு என்றால் கணினி குலுக்கிப் போடும் ஒரே ஒரு அலை வரிசை; வேறு சீடில் ஆட்டம் வேறாக வரும்.

புயலைச் சாதா நாளோடு கலப்பது

தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. இரண்டு மூன்று வருஷ அலை அட்டவணையின் வாலை (அதிலுள்ள அரிதான பெரிய அலைகளை) இழுத்து 50 வருஷத்துக்கு நீட்டினால் அப்படிப்பட்ட அலை அதில் வராது. புயல் அலைக்குத் தனிப் புள்ளியியல் பரவல் பொருத்தி, பிறகு சேருங்கள்.

மெதுவான நகர்வை விடுவது

மேடை முன்னும் பின்னும் போகும் இயல்புக் காலம் 100 வினாடிக்கு மேல். அந்தக் காலத்தில் அலை கிடையாதே என்று விட்டுவிடுகிறார்கள். அலைகளின் அதிர்வெண் வித்தியாசமே அங்கே தள்ளும். அப்படிப் பிறக்கும் இரண்டாம் படி விசையைச் சேர்க்காமல் நங்கூரச் சங்கிலியின் இழுவிசையை என்னிடம் சொல்ல வராதீர்கள்.