அப்பாவின் விமானி கடிகாரம்: நான் செய்த தவறும் நீங்கள் தவிர்க்க வேண்டியவையும்

அப்பா மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தார். 1960களின் கடைசியில் சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர், தன் கையிலிருந்த, பிரைட்லிங் நிறுவனத்தின் நேவிடைமர் என்ற விமானி கடிகாரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். தீபாவளிக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும்தான் அப்பா அதைக் கட்டுவார். அவர் காலமான பிறகு, அதைப் புதுசு போல ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் ஒரு கடையில் கொடுத்தேன். கேஸ், அதாவது கடிகாரத்தின் உலோகக் கூடு, பளபளவென்று வந்தது. டயலுக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். முட்களையும் மாற்றியிருந்தார்கள். பழைய முட்களைக் கேட்டேன். குப்பையில் போட்டாகிவிட்டது என்றார்கள்.

தோட்ட ஊர்களில் இப்படிப்பட்ட கடிகாரங்கள் இன்னும் சில வீடுகளில் அலமாரிக்குள் கிடக்கின்றன. அவற்றுக்கு நேரும் சேதத்தில் பெரும்பகுதி அன்போடு செய்யப்படுவதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாலிஷ். பழைய கடிகாரம் சேகரிப்பவர்கள் கேஸின் விளிம்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். வார் மாட்டும் கொம்புகளின் கூர்மை ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வராது. நேவிடைமரில் 806 என்ற பழைய மாடலின் அடையாள எண்கள் பின்மூடியின் வெளிப்பக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். பாலிஷ் சக்கரத்தில் அதுவும் மங்கிப்போகும். கீறல் இருந்தால் இருக்கட்டும், அது அந்தக் கடிகாரம் கட்டியவரின் தழும்பு.

டயல் அதைவிட முக்கியம். மஞ்சளித்த எண்களையும் பழுப்பேறிய முட்களையும் அழுக்கு என்று நினைத்துத் துடைக்கவோ மாற்றவோ வேண்டாம். விலையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல டயல்களில், இருட்டில் ஒளிர்வதற்காகக் கதிர்வீச்சுள்ள ரேடியம் கலந்த பூச்சு இருந்தது. இருட்டில் இப்போது ஒளிராததால் ரேடியம் போய்விட்டது என்று எண்ணக்கூடாது. ஒளிரும் பொருள்தான் செத்திருக்கிறது. ரேடியத்தின் அரைவாழ்வு ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். வீட்டில் கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டினால் அந்தத் தூசியை நாமே சுவாசிப்போம். பிள்ளைகள் விளையாடும் மேசையில் அந்த வேலை கூடவே கூடாது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 806 கையால் சாவி கொடுக்கும் கடிகாரம். அதில் பெரும்பாலானவற்றில் ஓடுவது வீனஸ் 178 இயந்திரம். மூன்று சின்ன வட்டங்கள் இருக்கும்: 3 மணிப் பக்கம் 30 நிமிடக் கணக்கு, 6 மணிப் பக்கம் 12 மணி நேரக் கணக்கு, 9 மணிப் பக்கம் ஓடும் வினாடி. தேதி கிடையாது. தேதிச் சன்னலோடு ஒன்றைக் காட்டி 806 என்றால் வெள்ளியை எண்ணிக் கொடுக்காதீர்கள். மறுபக்கம், டயலில் பிரைட்லிங் என்ற பெயரே இல்லாமல் சிறகுச் சின்னம் மட்டும் இருப்பதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. அமெரிக்க விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கமான ஏஓபிஏ-வுக்காக வந்த தொடக்கக் காலக் கடிகாரங்கள் சில அப்படித்தான் இருந்தன.

நடுவிலிருக்கும் நீள முள் நிற்கிறதென்றால் கடிகாரம் ஓடவில்லை என்று அர்த்தமில்லை. அது நேரம் அளக்கும் முள். மேல் பொத்தானை அழுத்தினால்தான் கிளம்பும். அது ஓடும்போதே கீழ்ப் பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். முதலில் நிறுத்துங்கள், அப்புறம் கீழ்ப் பொத்தான். ஓடும்போதே பூஜ்யத்துக்குத் திரும்பும் ‘ஃப்ளைபேக்’ வகைக் கடிகாரங்கள் வேறு. பொத்தான் இறுகியிருந்தால் பலம் காட்ட வேண்டாம்.

வல்ஜூ 7750 இயந்திரமுள்ள பிற்காலக் கடிகாரங்களில் தேதி உண்டு. இரவு 8 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் இடையில் அதைக் கையால் மாற்றாதீர்கள். தேதிச் சக்கரத்தின் பல் அப்போது பிடித்துக்கொண்டிருக்கும், உடையலாம்.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் பேராக்கில் ஈரம்தான் பெரிய எதிரி. தோல் வார் வியர்வையில் ஊறி நாறும், அந்த உப்பு கொம்புகளின் உள்பக்கத்தை அரிக்கும். ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் இதைக் கட்டிக்கொண்டு போகவே வேண்டாம். கடிகாரம் மழையில் நனைந்து கண்ணாடிக்குள் பனி படிந்தால், நம் வீடுகளில் உடனே அரிசிப் பானையில் புதைத்துவிடுவார்கள். மூடிய கேஸுக்குள் இருக்கும் நீரை அரிசி இழுத்துவிடாது. நீங்கள் காத்திருக்கும் இரண்டு நாளில் எஃகு உறுப்புகள் துருப்பிடிக்கத் தொடங்கும். அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் திறந்து காயவைக்கக் கொடுங்கள். புதிய நேவிடைமரில் 30 மீட்டர் என்று போட்டிருந்தாலும் அது கைகழுவும் துளிகளைத் தாங்குவதற்குத்தான், நீச்சலுக்கு இல்லை.

கண்ணாடியைச் சுற்றிச் சுழலும் வெளிவட்டம் இறுகிவிட்டது என்று தேங்காய் எண்ணெய் விடுவதும் பழக்கம். எண்ணெய் அழுக்கைச் சேர்க்கும், டயலுக்கும் கசியும். அந்த வட்டம் அழகுக்கு வைத்தது இல்லை. விமானி தூரம், வேகம், எரிபொருள் கணக்குப் போடும் நழுவுகோல். நீங்களும் போட்டுப் பார்க்கலாம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குச் சுமார் 30 கிலோமீட்டர், போய்ச்சேர 40 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிவட்டத்தின் 30-ஐ உள்வட்டத்தின் 40-க்கு நேராகக் கொண்டுவாருங்கள். உள்வட்டத்தின் 60-க்கு நேரே வெளியில் 45 நிற்கும். அதுதான் மணிக்கு உங்கள் வேகம். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

கைப்பேசி ஒலிபெருக்கியின் மீதும் காந்தக் கொக்கி வைத்த பைக்குள்ளும் கடிகாரத்தை வைக்காதீர்கள். திடீரென்று வேகமாக ஓட ஆரம்பித்தால் காந்தம் ஏறியிருக்கலாம். அதை நீக்குவது கடைக்காரருக்குச் சில நொடி வேலை.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது முன்னும் பின்னும் உள்ளேயும் அவர் எதிரிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் இதை எழுதச் சொல்லுங்கள்: “பாலிஷ் வேண்டாம். டயலும் முட்களும் தொடக்கூடாது. மாற்றும் ஒவ்வொரு பழைய உறுப்பையும் பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும்.” எழுத மறுக்கும் கடையில் கொடுக்காதீர்கள்.