முடிவு சொல்லாத மர்ம நாவல்கள்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜோன் லிண்ட்சேயின் ‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’ 1967-ல் வந்தது. கதை நடப்பது 1900 பிப்ரவரி 14, விக்டோரியாவில். பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்று எரிமலைப் பாறைக்குன்று ஒன்றின் அடிவாரத்துக்குப் பிக்னிக் போகிறது. நண்பகல் 12 மணிக்குக் கடிகாரங்கள் நின்றுவிடுகின்றன. நான்கு மாணவிகள் பாறையில் ஏறுகிறார்கள். ஒருத்தி மட்டும் அலறிக்கொண்டு ஓடிவருகிறாள். மற்ற மூவரையும் ஓர் ஆசிரியையையும் காணோம். என்ன ஆனது என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை.

“முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டார்” என்று சிலர் கோபப்படுகிறார்கள். அது தவறு. லிண்ட்சே விளக்கம் தரும் கடைசி அத்தியாயம் ஒன்றை எழுதியிருந்தார்; பதிப்பகத்தின் யோசனைப்படி அது நீக்கப்பட்டது. அவர் இறந்த பிறகு, 1987-ல் தனியாக வெளிவந்தது. தயவுசெய்து அதை முதலில் தேடிப் படிக்காதீர்கள். விடை கிடைக்கும், ஆனால் அந்தப் பாறை சிறுத்துப்போகும்.

பழைய செய்தித்தாள்களில் நிஜச் சம்பவத்தைத் தேடுவதும் வீண் வேலை. இது உண்மையா கற்பனையா என்பதை முன்குறிப்பிலேயே வாசகரிடம் விட்டுவிடுகிறார் லிண்ட்சே. நாவலில் அந்த நாள் சனிக்கிழமை. காலண்டரில் அது புதன்கிழமை.

அப்புறம், “முடிவே இல்லையென்றால் யார் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்” என்ற எண்ணம். அப்படி இல்லை. காணாமல் போனவர்களில் இர்மா என்ற பெண் சுமார் ஒரு வாரம் கழித்து உயிரோடு கிடைக்கிறாள். வெறுங்கால், அந்தக் கரடுமுரடான பாறையில் கிடந்தவளுடைய பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வழிதவறினார்கள், கடத்தப்பட்டார்கள் என்று என்ன ஊகம் சொன்னாலும் இந்தப் பாதங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ (1898) கதையிலும் இதே பிடிதான். ஆசிரியை பார்க்கும் பேய், பக்கத்தில் நிற்கும் வீட்டுக் காப்பாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சரி, எல்லாம் மனப்பிரமை என்று முடிவு கட்டலாமா? தான் அதுவரை கேள்விப்பட்டே இராத, இறந்துபோன ஒருவனின் அடையாளங்களை அவள் எப்படி அவ்வளவு சரியாகச் சொல்கிறாள்? எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு நுணுக்கம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. இந்த வகை எழுத்தில் எனக்குத் தீராத ஆசை வந்தது இதனால்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பாறையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது. நாவலின் பெரும்பகுதி பிக்னிக்குக்குப் பிறகு நடப்பது. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப்போகிறார்கள், ஆசிரியர்கள் விலகுகிறார்கள், பள்ளியே சரிகிறது. விடைபெற வரும் இர்மாவை உடற்பயிற்சிக் கூடத்தில் சக மாணவிகள் சூழ்ந்துகொண்டு, நடந்ததைச் சொல் என்று வெறிபிடித்ததுபோல் கத்துகிறார்கள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. நாவலிலேயே என்னை அதிகம் நடுங்கவைத்த இடம் அது. விடை கேட்கும் வாசகரின் ஆவேசத்தை லிண்ட்சே அந்தப் பெண்களின் வாயில் வைத்துவிட்டார்.

இரண்டாம் முறை படிக்கும்போது தலைமையாசிரியை திருமதி ஆப்பிள்யார்டை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். சாரா என்ற அனாதைச் சிறுமி எங்கே என்று கேட்பவர்களிடம் அவர் சொல்லும் பதில்களைக் கவனியுங்கள். அங்கே துப்புகள் இருக்கின்றன. சாராவுக்கு என்ன ஆனது என்ற விடையும் கிட்டத்தட்ட இருக்கிறது.