யன்னல் மாற்றப் போகிறீர்களா? முதலில் பழைய நிலையின் அடிமூலையைப் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியில் அம்மா வீட்டு யன்னல்களை மாற்ற வேண்டும் என்று தீர்மானித்ததும் நாங்கள் செய்த முதல் வேலை கடை கடையாக ஏறி விலை கேட்டதுதான். அலுமினியமா, யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கா, திரும்பவும் மரமா என்று ஒரு கிழமையாக வீட்டில் அதே பேச்சு. கிண்ணியாவிலிருந்து வந்த வயதான ஓடாவியார் இந்த மூன்றைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. ஸ்குரூ ட்ரைவரை எடுத்து நிலையின் அடிமூலையில் குத்தினார். தொதலுக்குள் கத்தி இறங்குவதுபோல இரண்டு அங்குலம் இறங்கியது. அதே நிலையில் ஒரு அடி மேலே குத்தினார். மரத்தில் ஒரு கீறல் விழுந்ததோடு சரி.

"தம்பி, மேல வைரம் அப்படியே இருக்கு. கீழதான் உக்கிப் போச்சு. இதைக் கழட்டி எறிஞ்சா இப்படி ஒரு மரம் திரும்ப எடுக்க ஏலாது" என்றார். வைரம் என்று அவர் சொன்னது மரத்தின் முற்றிய உள்பாகத்தை.

பழைய யன்னல் எதனால் கெட்டது என்று பாராமல் புதியதற்கு முற்பணம் கட்டுவதுதான் நான் கண்டதில் பெரிய தவறு. எங்கள் வீட்டில் குற்றம் மரத்தில் இல்லை. யன்னலுக்குக் கீழே இருந்த சீமெந்துத் திட்டு உள்பக்கமாகச் சரிந்திருந்தது. மழைத் தண்ணீர் வெளியே வழிந்து ஓடாமல் வருடக்கணக்காக நிலையின் காலடியில் தேங்கி நின்றிருக்கிறது. அந்தத் திட்டை அப்படியே விட்டு அலுமினியம் பூட்டியிருந்தால் நிலை உக்காது, உண்மைதான். ஆனால் அதே தண்ணீர் சுவருக்குள் இறங்கி உள்பூச்சைப் பொரும வைத்திருக்கும். எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் திட்டை வெளிப்பக்கம் சரிவாகப் பூசுங்கள். வெளியே நீட்டி நிற்கும் விளிம்பின் அடியில் ஒரு சின்னக் காடி (பள்ளக் கோடு) இழுத்துவிட்டால் தண்ணீர் சுவரோடு ஒட்டி வழியாமல் சொட்டி விழும்.

பழைய நிலை முதிரை, பாலை, தேக்கு என்றால் கழட்டும் முன் இரண்டு தரம் யோசியுங்கள். உக்கிய கால் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதே இன மரத்தில் ஒட்டுப் போட நல்ல ஓடாவிக்குத் தெரியும். ஹல்மில்ல என்று சிங்களத்தில் சொல்லும் சவண்டலை மரத்துக்கு ஆங்கிலேயர் எங்கள் ஊரின் பெயரையே வைத்துத் 'திருகோணமலை மரம்' என்று அழைத்தார்கள். சென்னைக் கரையில் அலையோடு மல்லுக்கட்டிய மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்து போன மரம் அது. அப்படிப்பட்ட மரம் உங்கள் பழைய வீட்டு நிலையாக நின்றால் அதை விறகுக்குக் கொடுப்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது.

புதிதாக மரம் எடுப்பவர்கள் ஏமாறுவது மரத்தின் பெயரில். தேக்கு என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறோம். தேக்கிலும் வெளியே இருக்கும் வெள்ளையைக் கறையான் தின்னும். உள்ளே இருக்கும் வைரத்தைத்தான் விட்டுவைக்கும். வர்ணம் பூசிய நிலையை வாங்கினால் எது வெள்ளை, எது வைரம் என்று கண்ணுக்குத் தெரியாது. பூசாத மரமாகப் பார்த்து வாங்குங்கள். மரம் ஏற்றி வருவதற்கான அனுமதிச் சீட்டையும் கேட்டுப் பாருங்கள்.

வீடு முழுவதற்கும் ஒரே பொருள் என்று முடிவெடுப்பது அடுத்த தவறு. வேறு ஊரில் அது சரியாக இருக்கலாம். இங்கே ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து கடல் உப்பையும் மழையையும் சேர்த்தே கொண்டுவந்து அறையும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து தரை மேலாக வரும் அந்தக் காய்ந்த காற்றில் மரம் சுருங்கிப் பொருத்துகள் வாய் பிளக்கும். கடலைப் பார்த்த யன்னலுக்கு எதிரி உப்பும் ஈரமும். மேற்கைப் பார்த்த யன்னலுக்கு எதிரி வெயில். இரண்டுக்கும் ஒரே மருந்து எப்படிச் சரிவரும்? எங்கள் வீட்டில் விறாந்தைக்குள் ஒதுங்கி நிற்கும் யன்னல்களில் மரத்தையே வைத்துக்கொண்டோம். கடல் பக்கம் மட்டும் மாற்றினோம்.

மரத்தைப் பற்றி இன்னொன்று. மார்கழியில் யன்னல் கதவு ஊதி இறுகும். உடனே ஆளைக் கூப்பிட்டுச் சீவச் சொல்வோம். ஆடியில் அதே கதவு சுருங்கி, விரல் நுழையும் இடைவெளியோடு இரவெல்லாம் கடகடவென்று அடிக்கும். பிறகு மரம் சரியில்லை என்று மரத்தின் மேல் பழி. சீவுவதானால் கோடையில் அளந்து பார்த்துச் சீவ வேண்டும். அதைவிட முக்கியம், கதவின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் பூசாமல் விடக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பூசுகிறவர் விட்டுவிடுவார். மரம் தண்ணீர் குடிப்பதே அந்த வெட்டுமுகத்தால்தான்.

இனி அலுமினியம். "கறள் பிடிக்காது" என்பதை நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறோம். இரும்புபோலச் சிவப்பாகக் கறள் பிடிக்காது என்பது சரி. ஆனால் உப்பு அதைப் பொட்டுப் பொட்டாகக் குழி விழ வைக்கும், குழிக்கு மேல் வெள்ளைத் தூள் பூக்கும். இந்தத் தூள் மழை படும் இடத்தைவிட, கூரை மறைத்த மேல் சட்டத்தில்தான் முதலில் வருகிறது. மழை உப்பைக் கழுவிவிடுகிறது; மழை எட்டாத இடத்தில் உப்பு அப்படியே இருந்து தின்கிறது. மாதம் ஒருதரம் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க முடியாத உயரத்தில் யன்னல் என்றால், அங்கே அலுமினியம் போடுவதை நான் விரும்ப மாட்டேன்.

அலுமினியத்தில் விலைக்கூறல் சதுர அடிக் கணக்கில் வரும். இரண்டு கடையின் சதுர அடி விலையை மட்டும் ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. சட்டத்தின் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர், மேலே பவுடர் கோட்டிங்கா (சூட்டில் உருக்கி ஒட்டிய வர்ணத் தூள்) அனோடைஸா (மின்சாரத்தால் உலோகத்தின் மேலேயே உண்டாக்கிய காப்புப் படலம்), எத்தனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அனோடைஸ் என்றால் கடலோரத்துக்கு 25 மைக்ரோன் கேளுங்கள். பவுடர் கோட்டிங் என்றால் வெட்டிய முனைகளைக் கவனியுங்கள். பூச்சில்லாத அந்த முனையால்தான் உப்பு பூச்சுக்கு அடியில் ஊர்ந்து போகும். இன்னொரு கேடு நாமே செய்வது: யன்னலைப் பூட்டிவிட்டு அதைச் சுற்றிப் பூச்சு வேலை. ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியத்தை அரிக்கும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. ஒட்டி வந்த பாதுகாப்புத் தாளைப் பூச்சு முடியும்வரை உரிக்க விடாதீர்கள்.

யூபிவிசியை உப்பும் தொடாது, கறையானும் தொடாது. கடலோர வீட்டுக்கு அதைச் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் கல்வனைஸ் செய்த இரும்புச் சட்டம் ஒன்று இருக்க வேண்டும். விலையைக் குறைப்பதற்காக அதை விட்டுவிட்டால் பெரிய யன்னல் சில வருடத்தில் தொய்ந்து கொண்டி விழாது. வெட்டிய துண்டு ஒன்றைக் கையில் வாங்கி உள்ளே பாருங்கள். யூபிவிசி வெயிலில் நீளவும் செய்யும்: ஆறடிச் சட்டம் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். அதனால் சுற்றிவர இடைவெளி விட்டுச் சிலிக்கோன் போட வேண்டுமே தவிர, சீமெந்தால் இறுக்கி அடைக்கக்கூடாது. மேற்குப் பக்கத்துக்கு மரநிறம், கறுப்பு எல்லாம் வேண்டாம்; வெள்ளையே போதும்.

கனடாவில் இருக்கும் சின்ன மாமா தொலைபேசியில், இரட்டைக் கண்ணாடி போடுங்கள், வெப்பத்தடுப்பு வைத்த சட்டம் வாங்குங்கள் என்று அன்போடு சொன்னார். அவருடைய ஊரில் வெளியே உறைபனி, உள்ளே சூடு. சட்டத்தின் வழியாக வெப்பம் வெளியே போகாமல் காக்க வேண்டும். எங்களுக்கு யன்னல் பகல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. எங்களுடைய சூடு நேர் வெயிலால் கண்ணாடி வழியாக வருவது. முழு வீட்டையும் பூட்டி ஏசி போடுபவர்களுக்கு அந்தச் செலவு சரிவரலாம். மற்றவர்கள் அந்தக் காசில் யன்னலுக்கு மேல் இரண்டடி முன்கூரை இறக்கினால் நண்பகல் வெயில் உள்ளே வராது.

அதே காரணத்தால், பக்கவாட்டில் நகர்த்தித் திறக்கும் தள்ளும் யன்னலை வாங்கும் முன் ஒருகணம் நில்லுங்கள். அது எவ்வளவு பெரியதானாலும் பெரும்பாலும் பாதிதான் திறக்கும். கரண்ட் போன ஒரு சித்திரை இரவில் அந்த மற்றப் பாதியின் அருமை விளங்கும்.

ஆணி, பிணைச்சல் இரண்டையும் யாரும் கேட்பதில்லை. நல்ல சட்டம் வாங்கி இரும்பு ஸ்குரூவால் பூட்டினால் இரண்டு மழைக்குள் ஒவ்வொரு ஆணியின் கீழும் சிவப்புக் கோடு வடியும். ஒரு காந்தம் கொண்டுபோங்கள். இறுக்கி ஒட்டும் ஆணி கடற்கரை வீட்டுக்கு ஆகாது. எவர்சில்வரிலும் 304 என்றும் 316 என்றும் தரங்கள் உண்டு. உப்பைத் தாங்குவது 316. உள்ளே பூட்டும் இரும்புக் கம்பிக்கூடு அலுமினியத்தில் முட்டாமல் இருக்கட்டும். ஒவ்வொரு அறையிலும் ஒரு கம்பிக்கூடாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும், தீப்பிடித்தால் வெளியேற.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியது. அதுபோன்ற காற்றில் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அடிக்கும். தள்ளும் யன்னலின் அடித் தண்டவாளத்தில் நிரம்பும் தண்ணீர் வெளியே போவதற்கென்று சட்டத்தில் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். பூட்ட வருபவர் அழகாக இருக்கட்டும் என்று அதையும் சேர்த்துச் சிலிக்கோனால் அடைத்துவிடுவது உண்டு. வேலை முடிந்த அன்றே தண்டவாளத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடிந்தால் மிச்சக் காசைக் கொடுங்கள்.

நாங்கள் ஆடியில் தொடங்கி ஆவணிக்குள் முடித்தோம். ஐப்பசியில் சுவரை உடைத்து வைத்தால் பொலித்தீன் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிவரும். ஈரச் சுவரில் சிலிக்கோனும் ஒட்டாது.